ஊசியம்மா அறையில் குறட்டை

செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறைகள். ஒரு காலத்தில் அது ஒரே கூடமாக இருந்தது. கட்டடத்துச் சொந்தக்காரர் நடுவில் ஒட்டுப்பலகையை நிறுத்தி, கூடத்தை இரண்டாக்கி, இரண்டு பேருக்கு வாடகைக்கு விட்டுவிட்டார். அந்தப் பலகை ஆளை மறைக்கும், சத்தத்தை மறைக்காது. இந்தப் பக்கம் ஒருவர் இருமினால் அந்தப் பக்கம் படுத்திருப்பவர், "வெந்நீர் குடிங்க" என்று சொல்லுவார்.

வலது பக்க அறை ஊசியம்மாவுடையது. இடது பக்க அறை பஞ்சுத் தம்பியுடையது. இரண்டு பேருமே அக்குபஞ்சர் வைத்தியம் பார்ப்பவர்கள். இரண்டு அறைக்கும் பொதுவாக வெளியே ஒரு நடை. நடையில் ஒரே ஒரு நீளப் பெஞ்சு. வலி என்று மாடியேறி வருகிறவர்கள் முதலில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்வார்கள். பிறகு எந்தப் பக்கம் போகலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். கண்ணால் பார்த்து வைத்தியரைத் தேர்ந்தெடுக்கிற இடம் உண்டு, காதால் கேட்டுத் தேர்ந்தெடுக்கிற இடம் இது ஒன்றுதான் இருக்கும். அது ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஊசியம்மாவை இந்தத் தொழிலுக்கு இழுத்து வந்தது அவளுடைய தலைவலிதான். அப்போது அவள் ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து ஆவியில் வெந்து, சாயங்காலம் தலை இரண்டாகப் பிளப்பதுபோல் இருக்கும். யாரோ சொன்னார்கள் என்று ஒரு வைத்தியரிடம் போனாள். அவர் மயிரிழை மாதிரி ஒரு ஊசியை எடுத்துக் கையிலும் காலிலும் வைத்தார். தலையில் இருக்கிற வலிக்குக் காலில் என்ன வேலை என்று கேட்க நினைத்தாள். கேட்பதற்குள் தூங்கிவிட்டாள். சில வாரங்களில் தலைவலி வந்த வழி தெரியாமல் போய்விட்டது. தலைவலி போனதும் மனுஷி நிம்மதியாக இஸ்திரி போட்டிருக்கலாம். ஆனால், "இத்தனூண்டு ஊசி அவ்வளவு பெரிய வலியை எப்படி விரட்டிச்சு?" என்ற கேள்வி வந்து ஒட்டிக்கொண்டது. மாலை வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். கூடப் படித்த பிள்ளைகள் எல்லாரும் அவளை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டார்கள். அவர்களைப் போலவே அவளும் ஆரஞ்சுப் பழத்தில் ஊசி வைத்துப் பழகினாள், பிறகு பஞ்சுத் தலையணையில், பிறகு தன் முழங்காலில்.

பழகுவதற்கு வீட்டில் இன்னொரு உடம்பு சும்மாதான் கிடந்தது. அவளுடைய வீட்டுக்காரர் பஸ் டிரைவர். எப்பேர்ப்பட்ட நெரிசலிலும் பஸ்ஸை நுழைத்து எடுத்துவிடுவார். ஆனால் ஊசி என்று காதில் விழுந்தால் கை கால் உதறும். கம்பெனியில் தடுப்பூசி போட வந்த நர்ஸ் பஞ்சால் கையைத் துடைத்த உடனேயே மனுஷர் சாய்ந்துவிட்டார். ஊசி இன்னும் பையைவிட்டே வெளியே வரவில்லை.

"ஒரே ஒரு ஊசிங்க. சுண்டு விரல்ல," என்று ஊசியம்மா கெஞ்சிப் பார்த்தாள்.

"உனக்கு என் சம்பளம் வேணுமா, எடுத்துக்க. என் சாப்பாடு வேணுமா, அதையும் எடுத்துக்க. தோலை மட்டும் விட்டுடு தாயே," என்றார் அவர்.

அவள் விட்டுவிட்டாள். அந்த விஷயத்தில் அவள் கெட்டிக்காரி மட்டுமல்ல, நல்லவளும்கூட. ஒருவர் வேண்டாம் என்றால் வைக்கக் கூடாது. சம்மதம் கேட்டுத்தான் ஊசி வைக்க வேண்டும் என்பது வகுப்பில் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். இன்றைக்கும் ஒவ்வொருவருக்கும் வைப்பதற்கு முன்னால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவாள். கண்ணை மூடி, "கை என்னோடது, பார்வை உன்னோடது" என்று ஆண்டவனிடம் ஒரு வார்த்தை சொல்வாள். அப்புறம் படுத்திருப்பவரிடம், "வைக்கட்டுமா?" என்று கேட்பாள். தலையாட்டினால்தான் ஊசிப் பொட்டலத்தைப் பிரிப்பாள். குத்தியதே தெரியாது. "வெச்சிட்டீங்களா?" என்று கேட்கிறவர்கள்தான் அதிகம்.

இவ்வளவு இருந்தும் அவளுக்கு ஒரு குறை. அவளிடம் வருகிறவர்கள் தூங்குவதில்லை.

ஊசி வைத்தால் உடம்பு தளர வேண்டும். தளர்ந்தால் தூக்கம் வரும். தூக்கம் வந்தால் குறட்டை வரும். பலகைக்கு அந்தப் பக்கம் பஞ்சுத் தம்பியின் அறையில் அதுதான் நடந்தது. அந்தத் தம்பி பேசுவதே பஞ்சு காற்றில் போகிற மாதிரி இருக்கும். ஊசியம்மா வீட்டில் அதைப் பேசிக்காட்டக் கேட்டுத்தான் டிரைவர் அவருக்கு அந்தப் பெயரை வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக நடப்பார். விளக்கைக் குறைப்பார். "கண்ணை மூடிக்குங்க" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் உள்ளேயிருந்து கொர்ர் என்று கேட்கும். பெஞ்சில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார்கள்.

ஊசியம்மாவின் அறையிலிருந்து என்ன கேட்கும்? பேச்சுக் கேட்கும். அவளுக்கு வாய் ஓயாது. ஊசியை வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "மருமக திரும்பி வந்தாளா?" என்று ஆரம்பிப்பாள். படுத்திருப்பவர் கையில் ஊசியோடு அந்தக் கையையே ஆட்டி ஆட்டிக் கதை சொல்லுவார். "கையை ஆட்டாதீங்க, கதையை மட்டும் சொல்லுங்க," என்பாள். வலி என்னவோ குறையத்தான் செய்தது. ஆனால் பெஞ்சில் புதிதாக வந்து உட்கார்ந்தவருக்கு அது எப்படித் தெரியும்? வைத்தியம் நடக்கிற இடம் இடது பக்கம், அரட்டை நடக்கிற இடம் வலது பக்கம் என்று முடிவுகட்டி, இடது பக்கம் திரும்பிவிடுவார்.

இதை அவளிடம் வெளிப்படையாகச் சொன்னது முழங்கால்தான்.

முழங்கால் என்பது ஒரு பெரியம்மா. இந்த மாடியில் யாருக்கும் பெயர் கிடையாது. எந்த இடம் வலிக்கிறதோ அதுதான் பெயர். "இடுப்பு வந்தாச்சா?" "கழுத்து நாளைக்கு வரேன்னு சொல்லிச்சு." இப்படித்தான் பேச்சு. முழங்காலுக்கு முழங்கால் வலி போய் ரொம்ப நாளாயிற்று. ஆனாலும் பழக்கம் விடாமல் வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் வழி சொல்லிக்கொண்டிருக்கும்.

"உன் கையில குறையில்ல. உன் அறையில சத்தம் சரியில்ல," என்றது முழங்கால். "ஒரு குறட்டையாவது கேட்டாத்தானே நானும் நாலு பேரை இந்தப் பக்கம் தள்ளிவிட முடியும்?"

"தூங்குங்கன்னு கட்டாயப்படுத்த முடியுமா பெரியம்மா?"

"நீ வாயை மூடிக்கிட்டு இருந்தா அவங்க கண்ணை மூடுவாங்க."

ஊசியம்மா ஒருநாள் வாயை மூடிக்கொண்டும் பார்த்தாள். படுத்திருந்த இடுப்பு பயந்துபோய், "ஏம்மா, எனக்கு ஏதாவது பெரிய வியாதியா? மறைக்காம சொல்லிடுங்க," என்று கேட்டது.

இந்த நிலைமையில்தான் டிரைவர் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தார். வேலை இல்லை. மத்தியானம் அவளுக்குச் சாப்பாடு கொண்டுவருவது அவர் பொறுப்பாயிற்று. ஒருநாள் கொண்டுவந்தவர் வெயிலில் நடந்த களைப்பில், "கொஞ்சம் முதுகைச் சாய்க்கிறேன்" என்று திரைக்குப் பின்னால் காலியாகக் கிடந்த கட்டிலில் படுத்தார்.

அவருடைய குறட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் அந்தக் குறட்டையோடு குடும்பம் நடத்தி அவளுக்குப் பழகிவிட்டது. மற்றவர்களுக்கு அது புதிது. முதலில் வண்டி கிளம்புகிற மாதிரி ஒரு உறுமல். பிறகு மெதுவாக வேகம் பிடிக்கும். மேடு வந்ததும் கியர் மாற்றுகிற மாதிரி ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் கேட்கிறவருக்கு மூச்சு நின்றுவிடும். அதன் பிறகு மலை ஏறும் பாருங்கள், பலகை அதிரும்.

அன்றைக்குப் பெஞ்சு முழுவதும் வாயைப் பிளந்தது. இடது பக்கம் போவதற்காக எழுந்து நின்ற கழுத்து ஒன்று அப்படியே நின்று, மெதுவாக வலது பக்கம் எட்டிப் பார்த்தது. "உள்ள யாருங்க? என்ன இப்படித் தூங்குறாரு?"

ஊசியம்மாவின் வாய்க்குள் "என் வீட்டுக்காரர்" என்ற வார்த்தை வந்தது. வந்தது, நின்றது, திரும்பிப் போனது.

"ஒருத்தர்," என்றாள்.

பொய் இல்லை. அவர் ஒருத்தர்தான். கழுத்து உள்ளே வந்து படுத்தது. மறுநாள் அது தன் அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தது.

அன்று வீட்டுக்குப் போனதும் ஊசியம்மா, "ஏங்க, நாளைக்கும் கொஞ்சம் வந்து படுங்களேன்," என்றாள்.

விஷயத்தைக் கேட்டதும் டிரைவருக்கு ஓய்வு பெற்ற வருத்தமெல்லாம் பறந்துவிட்டது. மறுபடியும் ஒரு வேலை. தலையணையைக் கையில் எடுத்துக்கொண்டு நேரம் தவறாமல் கிளம்பினார். அதோடு ஒரு நிபந்தனையும் போட்டார். "நடிக்க மாட்டேன். தூக்கம் வந்தாத்தான் குறட்டை. சும்மா தொண்டையை உருட்டுறதெல்லாம் நம்மகிட்ட நடக்காது. நான் நேர்மையான ஆளு."

"உங்க நேர்மையை யாரு கேட்டா? வந்து தூங்குங்க, போதும்."

"வயிறு நிறையச் சாப்பிட்டாத்தான் மேடு ஏறும். அதையும் பாத்துக்க."

அப்படியே நடந்தது. அவர் ஊசியம்மாவின் வீட்டுக்காரர் என்று மாடியில் யாருக்கும் தெரியாது. பெஞ்சில் கூட்டம் வலது பக்கம் சாய்ந்தது. முழங்கால் தலை கால் புரியாமல் எல்லாரையும் வலது பக்கம் தள்ளிவிட்டது. "கேளு, கேளு, இதுதான் தூக்கம். அந்த ஆளுக்கு என்ன வியாதியோ, தினமும் வராரு, தினமும் செத்த மாதிரி தூங்குறாரு."

ஊசியம்மாவுக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒன்று மட்டும் உறுத்தியது. திரைக்குப் பின்னால் குறட்டை ஓடிக்கொண்டிருக்கும்போது கண்ணை மூடி ஆண்டவனிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லப் போனால், வார்த்தை பாதியிலேயே நின்றது. "கை என்னோடது" வரைக்கும் வரும். அதற்கு மேல் வராது. கையை இன்னொரு தரம் கழுவிக்கொண்டு வேலையைப் பார்ப்பாள்.

பலகைக்கு அந்தப் பக்கம் பஞ்சுத் தம்பியின் பாடு திண்டாட்டமாயிற்று. அவர் எவ்வளவு மெதுவாக நடந்து என்ன, எவ்வளவு விளக்கைக் குறைத்து என்ன? பக்கத்தில் பஸ் மலையேறிக்கொண்டிருந்தால் யாருக்குத் தூக்கம் வரும்? அவரிடம் படுத்தவர்கள் கண்ணை அகல விரித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடந்தார்கள். ஒருநாள் அவர் தயங்கித் தயங்கி ஊசியம்மாவின் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அந்தத் தூங்குறவருக்கு எந்த எடத்துல வெக்கிறீங்க?"

"எல்லாம் கடவுள் புண்ணியம் தம்பி," என்றாள் ஊசியம்மா. சொல்லும்போது காது சுட்டது.

"ஆமாக்கா. அவர் குடுக்கணும்," என்று பஞ்சுத் தம்பி தலையாட்டிவிட்டு, வந்த மாதிரியே சத்தமில்லாமல் போய்விட்டார். திட்டியிருந்தாலாவது பதிலுக்குத் திட்டி மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள். அதற்கும் வழியில்லை.

அக்குபஞ்சர்காரர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அந்தச் சங்கம் வருஷா வருஷம் ஆள் அனுப்பி, அறையைப் பார்த்து, வேலையைப் பார்த்து, எல்லாம் ஒழுங்காக இருந்தால்தான் சான்றிதழைப் புதுப்பிக்கும். சான்றிதழ் இல்லையென்றால் வாசலில் பெயர்ப்பலகை மாட்டக் கூடாது, ஊசியைத் தொடக் கூடாது. திரும்பவும் இஸ்திரிப் பெட்டிதான். அந்த வருஷம் வந்தது ஒரு கண்டிப்பான அம்மாள். தோளில் பை, காலில் தட்டைச் செருப்பு, முகத்தில் சிரிப்பின் அடையாளமே இல்லை. முதலில் பஞ்சுத் தம்பியின் அறைக்குப் போய், அவரைப் போலவே தணிந்த குரலில் விசாரித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊசியம்மாவின் அறைக்குள் நுழைந்தார்.

வருகிற நாள் முன்கூட்டியே தெரிந்திருந்தால் டிரைவரை வீட்டிலேயே நிறுத்தியிருப்பாள். சங்கத்தில் அப்படிச் சொல்லிவிட்டு வருகிற வழக்கம் இல்லை. அவர் திரைக்குப் பின்னால் அப்போதுதான் வேகம் பிடித்துக்கொண்டிருந்தார்.

சங்கத்து அம்மாள் ஊசிப் பொட்டலங்களின் ஒட்டு பிரியாமல் இருக்கிறதா என்று பார்த்தார். முன் கட்டிலின் விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். பயன்படுத்திய ஊசியைப் போடும் மஞ்சள் டப்பாவைக் குலுக்கிப் பார்த்தார். ஊசியம்மாவின் நகத்தைப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் "ம்" என்றார். ஊசியம்மாவுக்கு உயிர் வந்தது.

"எல்லாம் சுத்தமா இருக்கு," என்றார் அம்மாள். "பக்கத்து அறைக்காரர்கிட்ட, உங்களைப் பத்தி ஏதாவது புகார் இருக்கான்னு கேட்டேன். இது வழக்கமாக் கேக்கிறதுதான்."

ஊசியம்மா மஞ்சள் டப்பாவை எடுத்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

"புகாரே இல்லைன்னுட்டாரு. உங்களை ஆகா ஓகோன்னு சொல்றாரு. உங்ககிட்ட ஒருத்தர் தினமும் வந்து இப்படித் தூங்குறாராமே. அந்த முறையைச் சங்கத்துல எல்லாருக்கும் சொல்லிக்குடுக்க வைங்க, நானும் கத்துக்கிறேன்னு கேட்டாரு." அம்மாள் திரையைப் பார்த்தார். திரைக்குப் பின்னால் வண்டி மேட்டை நெருங்கியிருந்தது. "அவர்தானே இவரு?"

"அவர்தான்," என்றாள் ஊசியம்மா. வேறு என்ன சொல்லுவாள்?

"எந்தெந்த எடத்துல வெச்சிருக்கீங்கன்னு பாக்கணும். நான் வெளிய போய்க் கையைக் கழுவிட்டு வரேன். திரையை எடுத்து வைங்க."

ஊசியம்மா திரைக்குப் பின்னால் போனாள். அவளுடைய வீட்டுக்காரர் வாயைத் திறந்துகொண்டு, உடம்பில் ஒரு ஊசிகூட இல்லாமல், பச்சைக் குழந்தை மாதிரி கிடந்தார். அப்போதே வெளியே வந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு நிமிஷத் தைரியம் போதும். அந்த ஒரு நிமிஷத்தில்தான் அவளுக்குச் சலவைக் கடை ஞாபகம் வந்தது, அந்த ஆவி ஞாபகம் வந்தது. கை தானாகப் போய் ஊசிப் பொட்டலத்தை எடுத்தது.

அங்கேயே மூலையில் இருந்த சின்னத் தொட்டியில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். ஏமாற்றுவதற்குக்கூடக் கை கழுவாமல் அவளுக்குப் பழக்கமில்லை. கண்ணை மூடினாள். வார்த்தை வரவில்லை. "வைக்கட்டுமா?" என்று உதடு மட்டும் அசைந்தது. கொர்ர் என்று பதில் வந்தது. அதைச் சம்மதம் என்று வைத்துக்கொள்ள அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஊசிக்குப் பயந்த மனுஷர். விழித்துவிட்டால் தொலைந்தது. இத்தனை வருஷத் தொழிலில் அவள் அவ்வளவு மெதுவாக யாருக்கும் வைத்ததில்லை. புருவத்துக்கு நடுவில் ஒன்று. மூக்கின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதையில் ஒன்று. காலில் ஒன்று. அவர் அசையக்கூட இல்லை. மேடு ஏறிக்கொண்டேயிருந்தார்.

இங்கேதான் அவள் ஒரு தப்புச் செய்தாள். தொழில் தெரிந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. ஊசி பேருக்கு எங்கேயாவது இருந்தால் போதும், குதிகாலில் வைத்தாலும் சங்கத்து அம்மாள் ஏதோ புது முறை என்று நினைத்துக்கொண்டிருப்பார். ஆனால் அவள் கைக்குச் சும்மா வைக்கத் தெரியாது. படுத்திருப்பவருக்கு என்ன தொல்லை என்று பார்த்து அதற்கு உரிய இடத்துக்குப் போய்த்தான் அந்தக் கைக்குப் பழக்கம். அவருக்கு இருந்த ஒரே தொல்லை குறட்டைதான். கை அதற்கு உரிய இடத்துக்கெல்லாம் போய்விட்டு வந்துவிட்டது.

வண்டி மேட்டின் உச்சிக்கு வந்தது. கியர் மாற்றுகிற இடைவெளி வந்தது. இடைவெளி நீண்டது. ஊசியம்மா காத்திருந்தாள். பெஞ்சு காத்திருந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. டிரைவர் வாயை மூடிக்கொண்டு, மூக்கால் மெல்ல, ஒரு பூனைக்குட்டி மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

மாடியே நிசப்தமாகிவிட்டது. கீழே செருப்புக் கடையில் யாரோ விலை கேட்பதுகூடக் காதில் விழுந்தது.

அடுத்த நொடி நடையில் தடதடவென்று சத்தம். என்றைக்கும் சத்தமில்லாமல் நடக்கிற பஞ்சுத் தம்பி ஓடி வந்தார். பின்னாலேயே முழங்காலும் ஓடி வந்தது. வலி வந்த நாளிலிருந்து அது ஓடி யாரும் பார்த்ததில்லை.

"அக்கா, சத்தம் நின்னுபோச்சே. அவருக்கு ஒண்ணும் ஆயிடலையே? நான் மூச்சு இருக்கான்னு பாக்கட்டுமா?" பஞ்சுத் தம்பியின் முகம் வெளுத்திருந்தது.

சங்கத்து அம்மாள் திரையை விலக்கினார். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஊசிகளோடு ஒருவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"குறட்டை எங்க?" என்று கேட்டார் அம்மாள்.

"நின்னுடுச்சு," என்றாள் ஊசியம்மா.

"தெரியுது. எப்படி நின்னுச்சு?"

பதில் சொல்வதற்குள் டிரைவர் கண்ணைத் திறந்தார். எத்தனை சத்தம் ஓடினாலும் தூங்குவார், எஞ்சின் நின்றால் மட்டும் விழித்துக்கொள்வார். அது தொழில் பழக்கம். விழித்தவருக்கு இரண்டு புருவத்துக்கும் நடுவில் ஏதோ மினுங்குவது தெரிந்தது. இரண்டு கண்ணையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து அதைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். உடம்பு கட்டை மாதிரி விறைத்தது. நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

அம்மாள் அவர் பக்கம் குனிந்தார். குரல் தணிந்தது. "பயப்படாதீங்க ஐயா. ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். இந்த ஊசியை வைக்கிறதுக்கு முன்னாடி உங்ககிட்ட சம்மதம் கேட்டாங்களா?"

இதுதான் சமயம். இல்லை என்று அவர் சொல்லிவிட்டால் சான்றிதழ் போச்சு. சம்மதம் கேட்காமல் ஊசி வைத்தவரைச் சங்கம் மன்னிப்பதில்லை. ஊசியம்மா வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் கண்ணை மட்டும் உருட்டி அவளைப் பார்த்தார். தோலை மட்டும் விட்டுடு தாயே என்று அன்றைக்கு அவர் கேட்டது இருவருக்குமே ஞாபகம் இருந்தது.

"சம்மதமா?" என்றார் டிரைவர் உதடு அசையாமல். "அதெல்லாம் கல்யாணத்தன்னிக்கே குடுத்துட்டேன்." சொல்லிவிட்டு மயங்கிப்போனார்.

பெஞ்சிலிருந்து எழுந்து வந்து வாசலில் நின்றவர்கள் எல்லாரும் ஒன்றாக, "கல்யாணமா?" என்றார்கள்.

அவர் காப்பாற்றத்தான் பார்த்தார், பாவம். ஆனால் அந்த ஒரு வார்த்தை ஊசியம்மாவைத் தைத்தது. முதலில் வீட்டுக்காரரின் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மஞ்சள் டப்பாவில் போட்டாள். காலை உயர்த்தி, முகத்தில் தண்ணீர் தெளித்து, அவர் முனகியதைக் கேட்ட பிறகுதான் நிமிர்ந்தாள்.

"இவர் நோயாளி இல்லைங்க. என் வீட்டுக்காரர்," என்றாள். "குறட்டை விடறதுக்காக நான்தான் கூட்டிட்டு வந்து படுக்க வெச்சேன். இத்தனை நாளும் இவர் உடம்புல ஊசியே கிடையாது. இன்னிக்கு நீங்க வந்ததும் பயந்துபோய், கேக்காம வெச்சிட்டேன். இவர் சொன்னது சம்மதம் இல்ல. எம்மேல இருக்கிற இரக்கம்."

பஞ்சுத் தம்பி ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார். சண்டைக்கு வரப்போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"அப்ப என் கையில ஒண்ணும் குறையில்லையாக்கா?" என்றார் அவர். "படிச்சதெல்லாம் மறந்துபோச்சுன்னு நெனைச்சேன். பழைய புஸ்தகத்தை எல்லாம் தூசி தட்டி எடுத்து, முதல் பாடத்துலேருந்து திரும்பப் படிச்சிட்டிருக்கேன்."

அதைக் கேட்டதும்தான் ஊசியம்மா அழுதாள். அதுவரைக்கும் அழவில்லை.

"உன் கைக்கு என்ன தம்பி குறை. எனக்குத்தான் பொறாமை. என்னை மன்னிச்சிடு."

"மன்னிக்கிறது இருக்கட்டும்கா. குறட்டையை எப்படி நிறுத்தினீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல."

"இங்க விசாரணை நடக்குது," என்றார் சங்கத்து அம்மாள். பஞ்சுத் தம்பி வாயை மூடிக்கொண்டார்.

அம்மாளின் தீர்ப்பு சுருக்கமாக இருந்தது. "உங்க கை சுத்தம், ஊசி சுத்தம். வாயும் கடைசி நேரத்துல சுத்தமாயிடுச்சு, அதனால தப்பிச்சீங்க. சான்றிதழ் இப்ப கிடையாது. புதுசாச் சேர்ந்த பிள்ளைங்களோட உட்கார்ந்து சம்மதப் பாடத்தைத் திரும்பப் படிச்சு முடிங்க. அதுவரைக்கும் வாசல்ல இருக்கிற பெயர்ப்பலகையைக் கழற்றி வைங்க. அப்புறம், இவரு." டிரைவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். "இவரு விழிச்சிக்கிட்டிருந்தா மட்டும் மாடியேறலாம்."

"அப்ப என் வேலை?" என்றார் டிரைவர்.

"உங்களுக்கு மறுபடியும் ஓய்வு," என்றார் அம்மாள். போகும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்த மாதிரி இருந்தது என்று முழங்கால் இன்றைக்கும் சாதிக்கிறது. வேறு யாரும் பார்க்கவில்லை.

ஊசியம்மா வகுப்புக்குப் போனாள். பிள்ளைகள் மறுபடியும் "ஆன்ட்டி" என்றார்கள். சம்மதம் என்றால் என்ன என்று வாத்தியார் கேட்டபோது அவள் எழுந்து நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டாள். வகுப்பு சிரித்துச் சிரித்துப் புரண்டது. ஆனால் அந்தப் பாடத்தை அந்தப் பிள்ளைகள் யாரும் இனி மறக்க மாட்டார்கள். அந்த நாட்களில் அவளுடைய இடுப்பையும் கழுத்தையும் பஞ்சுத் தம்பிதான் பார்த்துக்கொண்டார். "இங்க தூக்கம் நல்லா வருது. ஆனா மருமக விஷயத்தை யாருகிட்ட சொல்றது?" என்று இடுப்பு குறைப்பட்டுக்கொண்டதாம்.

பெயர்ப்பலகையை மறுபடியும் மாட்டிய அன்று ஊசியம்மா கையைக் கழுவி, கண்ணை மூடினாள். "கை என்னோடது, பார்வை உன்னோடது." வார்த்தை முழுசாக வந்தது. வெளியே பெஞ்சில் கூட்டம். கணவன்மார்களைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்த மனைவிமார்கள். குறட்டை நின்ற கதை அதற்குள் ஊர் முழுவதும் போய்விட்டிருந்தது. ஒவ்வொரு கணவனிடமும் ஊசியம்மா, "வைக்கட்டுமா?" என்று கேட்டாள். மனைவிகள், "வைங்க வைங்க" என்றார்கள். "உங்களைக் கேக்கல, அவர்தான் சொல்லணும்," என்று அவர்களை நடைக்கு அனுப்பினாள். தூங்க வேண்டியவர்கள் இடது பக்கம், தூக்கத்தில் வாயை மூட வேண்டியவர்கள் வலது பக்கம் என்று முழங்கால் பிரித்துப் பிரித்து அனுப்பியது.

எல்லாம் சரியாயிற்று, ஒன்றைத் தவிர. டிரைவரின் குறட்டை திரும்பி வரவேயில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகிய ஊசியம்மாவுக்கு இப்போது தூக்கம் பிடிக்கவில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. ஒருநாள் பேச்சின் நடுவில் அவள் வாய் ஓய்ந்துவிட்டதைப் பார்த்துப் பயந்துபோன இடுப்பு, பக்கத்து அறையில் போய்ச் சொல்லிவிட்டது.

பஞ்சுத் தம்பி அவளைத் தன் கட்டிலில் படுக்க வைத்தார். விளக்கைக் குறைத்தார்.

"வைக்கட்டுமாக்கா?"

"வைங்க தம்பி. ஆனா ஒண்ணு, நான் பேசிட்டே இருப்பேன், தூக்கம் வராது. எங்க வீட்டுல நேத்து என்ன நடந்துச்சுன்னா," என்று ஆரம்பித்தாள். என்ன நடந்தது என்று இன்று வரைக்கும் தெரியவில்லை. நடையில் பெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்தது. பலகை லேசாக அதிர்ந்தது.

"இது யாரு புதுசா?" என்றார் அப்போதுதான் மாடியேறி வந்த ஒருவர்.

"நம்ம ஊசியம்மாதான்," என்றது முழங்கால். "கேட்டுட்டுத்தான் வெச்சாரு. நான் சாட்சி."

சாப்பாட்டுத் தூக்கோடு பெஞ்சில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த டிரைவர் காதை அந்தப் பக்கம் சாய்த்து, கொஞ்ச நேரம் கவனமாகக் கேட்டார்.

"எல்லாத்தையும் முதல் கியர்லயே ஓட்டுறா," என்றார். "மேடு வந்தா என்ன பண்ணுவாளோ."